பிரிந்து போனால் யாருக்கு லாபம்?

ஃபார்முலா ஒன் உலக சாம்பியன்ஷிப்பின் முதல் பந்தயம் 1950 மே 13 அன்று இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனில் நடந்தது. அதற்குப் பிறகு, இந்தத் தொடரை விட்டு வெளியேறிப் போட்டித் தொடர் ஒன்றைத் தாமே நடத்தப்போவதாக அணிகளும் கார் நிறுவனங்களும் மூன்று முறை கொடி பிடித்தன. முதல் முறை 1980இல், அடுத்து 2001க்குப் பிறகு, மூன்றாவது முறை 2009இல். மூன்று முறையும் கடைசி நேரத்தில் சமரசம் ஏற்பட்டது. அமெரிக்காவின் இண்டி கார் பந்தயத்தில் மட்டும் 1996இல் பிளவு உண்மையாகவே நடந்து, 12 ஆண்டுகள் நீடித்தது. இந்த நான்கையும் வரிசையாகப் பார்த்தால், போட்டித் தொடரால் பந்தயத்துக்கு நன்மை உண்டா என்ற கேள்விக்கு வரலாறே விடை தருகிறது. கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன், சென்னையின் கருண் சந்தோக் இருவரின் பந்தய வாழ்விலும் இந்தச் சண்டைகளின் தழும்பு உண்டு.

பெயர் ஒருவரிடம், கார் இன்னொருவரிடம்

ஃபார்முலா ஒன் ஒரே கையில் இருக்கும் சொத்து அல்ல. உலக சாம்பியன்ஷிப் என்ற பட்டம் 1904இல் பாரிஸில் தோன்றிய சர்வதேச ஆட்டோமொபைல் கூட்டமைப்பான எஃப்.ஐ.ஏ.வுக்குச் சொந்தம். விதிகளை வகுப்பதும் ஓட்டுநர் உரிமம் வழங்குவதும் அதன் வேலை. கார்களை வடிவமைத்துக் கட்டுபவை அணிகள். ஓட்டுநர்களுக்குச் சம்பளம் தருபவையும் அவையே. பந்தயத் தடங்கள் உள்ளூர் அமைப்பாளர்களிடம் இருக்கின்றன. தொலைக்காட்சியும் விளம்பரமும் கொண்டுவரும் பணம் யாருக்குச் சேர வேண்டும் என்பதுதான் எல்லாச் சண்டைகளுக்கும் வேர்.

ஆரணிப் பட்டுத் தொழிலை அறிந்தவர்களுக்கு இந்த அமைப்பு எளிதில் பிடிபடும். தறி நெசவாளருடையது, கைத்திறனும் அவருடையது. பட்டு நூலுக்கும் சரிகைக்கும் போடும் முதலும், நெய்த சேலையை விற்கும் சந்தையும் மாஸ்டர் வீவரின் கையில் இருக்கின்றன. கூலி கட்டவில்லை என்று ஒரு நெசவாளர் விலகிவிடலாம். ஆனால் நூலுக்கு முதலும் சேலைக்குச் சந்தையும் வேறோர் இடத்தில் கிடைத்தால்தான் அந்த விலகல் நிலைக்கும். நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் காலூன்ற முடிந்ததற்கு, 1935இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் போன்ற விற்பனை அமைப்பு பின்னால் நின்றது ஒரு முக்கியக் காரணம். ஆரணிப் பட்டு என்ற பெயருக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அந்தப் பெயர் ஊருக்குச் சொந்தம், தனி வியாபாரி எவரும் அதை எடுத்துக்கொண்டு போய்விட முடியாது. ஃபார்முலா ஒன் அணிகளின் நிலையும் இதுதான். திறமை அவர்களிடம் இருந்தது. பெயரும் சந்தையும் அவர்களிடம் இல்லை.

1980: முதல் கலகம்

1970களின் இறுதியில் அணிகள் இரண்டு முகாம்களாகப் பிரிந்து நின்றன. ஃபெராரி, ரெனோ, ஆல்ஃபா ரோமியோ ஆகிய பெரிய கார் நிறுவனங்கள் ஒரு பக்கம். வில்லியம்ஸ், பிராபம், லோட்டஸ், மெக்லாரன் போன்ற பிரிட்டிஷ் அணிகள் மறுபக்கம். இவர்கள் காஸ்வொர்த் நிறுவனத்தின் இன்ஜினை விலைக்கு வாங்கிப் பொருத்திக்கொள்பவர்கள். பிரிட்டிஷ் அணிகளின் சங்கம் ஃபோகா. அதன் தலைவர் பிராபம் அணியின் உரிமையாளர் பெர்னி எக்கிள்ஸ்டன், சட்ட மூளை மாக்ஸ் மோஸ்லி. எஃப்.ஐ.ஏ.வின் விளையாட்டுப் பிரிவான ஃபிசாவுக்கு 1978 முதல் பிரான்சைச் சேர்ந்த ழான் மரி பலேஸ்த்ர் தலைவராக இருந்தார்.

மேலோட்டமாகப் பார்த்தால் சண்டை ஒரு தொழில்நுட்ப விதியைப் பற்றியது. அந்நாளைய கார்களின் அடிப்பகுதி, கவிழ்த்து வைத்த விமான இறக்கையைப் போல வளைந்திருக்கும். கார் வேகமெடுக்கும்போது அடியில் காற்றழுத்தம் குறைந்து, கார் தரையோடு ஒட்டிக்கொள்ளும். அந்த அழுத்தக் குறைவு கலையாமல் காக்க, இரு பக்கங்களிலும் தரையை உரசியபடி ஏறி இறங்கும் தடுப்புப் பட்டைகள் பொருத்தப்பட்டன. சொந்த இன்ஜின் வைத்திருந்த பெரிய நிறுவனங்களுடன் காஸ்வொர்த் இன்ஜினை வைத்துக்கொண்டு சிறிய அணிகள் மோத முடிந்தது இந்த உத்தியால்தான். பட்டைகளைத் தடை செய்யப்போவதாக ஃபிசா அறிவித்தபோது, பாதுகாப்புக்காக என்று காரணம் சொல்லப்பட்டது. ஃபோகா அணிகளோ அதைத் தங்கள் கழுத்துக்கு வந்த கத்தியாகவே பார்த்தன. உள்ளே ஓடிக்கொண்டிருந்தது பணப் பிரச்சினை. பந்தய அமைப்பாளர்களிடம் அணிகளுக்காகப் பேரம் பேசி வந்த எக்கிள்ஸ்டனிடமிருந்து அந்த அதிகாரத்தைத் திரும்பப் பிடுங்க பலேஸ்த்ர் விரும்பினார்.

1980 ஜூன் 1 அன்று ஸ்பெயினின் ஹராமா தடத்தில் மோதல் வெடித்தது. முந்தைய பந்தயங்களில் ஓட்டுநர் கூட்டத்துக்கு வராத ஃபோகா அணி ஓட்டுநர்களுக்கு ஃபிசா அபராதம் விதித்திருந்தது. அவர்கள் கட்டவில்லை. அமைப்பாளர்கள் ஃபிசாவின் ஒப்புதல் இன்றியே பந்தயத்தை நடத்தினார்கள். ஃபெராரி, ரெனோ, ஆல்ஃபா ரோமியோ விலகிக்கொண்டன. ஆலன் ஜோன்ஸ் வென்றார். அந்த வெற்றி சாம்பியன்ஷிப் கணக்கில் சேரவில்லை.

அதே ஆண்டின் இறுதியில் ஃபோகா தனி உலகக் கூட்டமைப்பையும் தனி சாம்பியன்ஷிப்பையும் அறிவித்தது. அந்தத் தொடரை நடத்தும் தடங்கள் அங்கீகாரத்தை இழக்கும் என்று ஃபிசா எச்சரித்தது. டயர் வழங்கி வந்த குட்இயர் நிறுவனம் சண்டையில் சலித்து டிசம்பரில் விலகியது. 1981 பிப்ரவரி 7 அன்று தென்னாப்பிரிக்காவின் கயலாமியில் ஃபோகா அணிகள் மட்டுமே பங்கேற்ற பந்தயம் நடந்தது. போட்டித் தொடர் என்ற மிரட்டல் வெறும் வாய்ச்சொல் அல்ல என்று காட்டுவதுதான் நோக்கம். மறுபக்கத்திலும் பதற்றம் இருந்தது. ஃபோகா அணிகள் வராவிட்டால் தொடக்கக் கோட்டில் நிற்கப் போதிய கார்கள் இருக்காது என்று கார் நிறுவனங்கள் அஞ்சின.

அடுத்த மாதமே இரு தரப்பும் கையெழுத்திட்டன. எஃப்.ஐ.ஏ. அலுவலகம் இருந்த பாரிஸ் சதுக்கத்தின் பெயரால் அது கன்கார்ட் ஒப்பந்தம் எனப்பட்டது. விதிகள் ஃபிசாவிடம் இருக்கும். ஆனால் நினைத்தபோது மாற்ற முடியாது. எல்லாப் பந்தயங்களுக்கும் வர அணிகள் கட்டுப்பட்டவை. தொலைக்காட்சி உரிமையைப் பேசி விற்கும் பொறுப்பு ஃபோகாவுக்கு. அந்நாளில் பலர் பெரிதாக மதிக்காத இந்தக் கடைசி வரிதான் பிற்காலத்தில் பல நூறு கோடி டாலர் வணிகத்துக்கு அடித்தளமானது.

கயலாமி பந்தயம் ஒரு மனிதரின் வாழ்நாள் கனவையும் கொண்டுபோனது. அங்கே வென்றவர் வில்லியம்ஸ் அணியின் கார்லோஸ் ராய்ட்டமான், இரண்டாவதாக வந்தவர் பிராபம் அணியின் நெல்சன் பிக்கே. சமரசத்தின்போது அந்தப் பந்தயம் சாம்பியன்ஷிப் கணக்கிலிருந்து நீக்கப்பட்டது. அக்டோபரில் லாஸ் வேகாஸில் தொடர் முடிந்தபோது பிக்கே 50 புள்ளிகள், ராய்ட்டமான் 49. கயலாமியைச் சேர்த்திருந்தால் முதலிடத்துக்கு 9, இரண்டாமிடத்துக்கு 6 என்ற அன்றைய கணக்குப்படி ராய்ட்டமான் 58, பிக்கே 56. அர்ஜென்டினாவின் ராய்ட்டமானுக்கு உலகப் பட்டம் கடைசிவரை கிடைக்கவே இல்லை.

ஒப்பந்தம் வந்தும் பகை உடனே ஆறவில்லை. 1982 ஏப்ரலில் இமோலாவில் நடந்த சான் மரினோ பந்தயத்தை ஃபோகா அணிகள் பெரும்பாலும் புறக்கணித்தன. 14 கார்கள் மட்டுமே ஓடின. ஃபோகாவைச் சேர்ந்த டிரெல், இத்தாலிய விளம்பரதாரரை இழக்க மனமின்றி அங்கே கார்களை இறக்கியது. அணிகளின் ஒற்றுமை எங்கே கிழியும் என்பதை அந்த ஒரு சம்பவமே காட்டியது.

அமெரிக்கா: பிளவு நடந்தேறியபோது

அமெரிக்காவின் இண்டி கார் பந்தயத்தை யு.எஸ்.ஏ.சி. என்ற அமைப்பு நடத்தி வந்தது. 1978இல் முன்னாள் ஓட்டுநரும் அணி உரிமையாளருமான டான் கர்னி சக உரிமையாளர்களுக்கு நீண்ட கடிதம் எழுதினார். எக்கிள்ஸ்டனின் ஃபோகாவை முன்மாதிரியாகக் காட்டி, அணிகள் ஒன்றுசேர வேண்டும் என்றார். ரோஜர் பென்ஸ்கே, பாட் பாட்ரிக் ஆகியோர் முன்னின்று கார்ட் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். 1979இல் இண்டி கார் உலகின் புகழ்பெற்ற பந்தயமான இண்டியானாபொலிஸ் 500க்கு கார்ட் அணிகளின் விண்ணப்பங்களை யு.எஸ்.ஏ.சி. நிராகரித்தது. நீதிமன்றம் தலையிட்டு அவர்களை அனுமதித்தது. இந்தப் பிரிவினை வென்றது. காரணம் எளிது. முக்கிய அணிகளில் பெரும்பாலானவை கார்ட் பக்கம் வந்தன, இண்டியானாபொலிஸ் தடமும் அவர்களுக்குத் திறந்தே இருந்தது. 1993இல் ஃபார்முலா ஒன் உலக சாம்பியன் நைஜல் மான்செல் அந்தத் தொடருக்கு மாறி, முதல் ஆண்டே பட்டம் வென்றார். ஃபார்முலா ஒன்னே கவலையோடு திரும்பிப் பார்க்கும் உயரத்தில் அன்று கார்ட் இருந்தது.

இண்டியானாபொலிஸ் தடத்தை வைத்திருந்த குடும்பத்தின் வாரிசு டோனி ஜார்ஜ் 1994இல் எதிர்த்திசையில் அடி எடுத்து வைத்தார். செலவு எகிறுகிறது, நீள்வட்டத் தடங்கள் குறைகின்றன, அமெரிக்க இளைஞர்களுக்கு இடமில்லை என்பது அவர் குறை. இண்டி ரேசிங் லீக் என்ற தனித் தொடரை 1996 ஜனவரியில் தொடங்கினார். இண்டியானாபொலிஸ் 500இன் 33 இடங்களில் 25 தம் தொடரில் ஓடுபவர்களுக்கே என்று ஒதுக்கினார்.

1996 மே 26 அன்று ஒரே நாளில் இரண்டு 500 மைல் பந்தயங்கள் நடந்தன. இண்டியானாபொலிஸில் ஓடிய 33 பேரில் 17 பேர் அந்தப் பந்தயத்துக்குப் புதியவர்கள். படி லேசியர் வென்றார். மிச்சிகனில் கார்ட் தன் நட்சத்திர ஓட்டுநர்களை வைத்து நடத்திய பந்தயத்தில், பச்சைக் கொடி விழும் தறுவாயில் முன்வரிசைக் கார்கள் மோதி, பின்னால் வந்த கார்கள் குவியலாக நொறுங்கின. மாற்றுக் கார்களை எடுத்து வந்து மீண்டும் தொடங்க வேண்டியிருந்தது. முன்வரிசை மோதலில் சிக்கிய ஜிம்மி வாசரே மாற்றுக் காரில் வென்றார். ஓர் இடத்தில் புகழ்பெற்ற தடம் இருந்தது, புகழ்பெற்ற ஓட்டுநர்கள் இல்லை. இன்னோர் இடத்தில் ஓட்டுநர்கள் இருந்தார்கள், அந்தத் தடம் இல்லை. ரசிகர்களுக்கு இரண்டும் பாதிப் பந்தயமாகவே பட்டன.

கார்ட் 1998இல் பங்குச் சந்தைக்குப் போனது. விளம்பரதாரர்கள் கேட்டதோ இண்டியானாபொலிஸ் 500. அதனால் பென்ஸ்கே அணி 2002இல் ஜார்ஜின் தொடருக்கு மாறியது. அடுத்த ஆண்டு ஹோண்டாவும் டொயோட்டாவும் பின்தொடர்ந்தன. 2003 முடிவில் கார்ட் திவாலானது. அதன் மிச்சத்தைச் சிலர் வாங்கிச் சில ஆண்டுகள் ஓட்டினார்கள். 2008 பிப்ரவரியில் இரண்டும் மீண்டும் ஒன்றாயின. இடைப்பட்ட காலத்தில் பார்வையாளர்களையும் விளம்பரப் பணத்தையும் அள்ளிக்கொண்டது மூன்றாவது ஒருவர். சாதாரண கார்களின் தோற்றத்தில் ஓடும் நாஸ்கார் பந்தயம் அமெரிக்காவின் முதல் பந்தயமாக நிலைபெற்றது. கார்டின் நிறுவனர்களில் ஒருவரான பென்ஸ்கே 2020 ஜனவரியில் இண்டியானாபொலிஸ் தடத்தையும் இண்டி கார் தொடரையும் சேர்த்தே விலைக்கு வாங்கினார். அணியும் தடமும் பிரிந்து நின்றால் இரண்டும் பட்டினி என்ற பாடத்தை அவரைவிட நன்றாக அறிந்தவர் அந்த நாட்டில் இல்லை.

நரேன் கார்த்திகேயனின் 5 புள்ளிகள்

ஐரோப்பாவில் இதற்குள் கணக்குகள் மாறியிருந்தன. 1993இல் மோஸ்லி எஃப்.ஐ.ஏ. தலைவரானார். ஃபார்முலா ஒன்னின் வணிக உரிமையை 2011 முதல் 100 ஆண்டுகளுக்கு எஃப்.ஐ.ஏ. எக்கிள்ஸ்டன் தரப்புக்கு 30 கோடி டாலருக்குச் சற்று மேல் பெற்றுக்கொண்டு குத்தகைக்கு விட்டது. ஒரு காலத்தில் கலகம் செய்த இருவரும் இப்போது அரியணையில் இருந்தார்கள். இம்முறை கலகக் கொடி கார் நிறுவனங்களின் கைக்கு மாறியது. 2001இல் ஃபியட், பி.எம்.டபிள்யூ., டைம்லர்கிரைஸ்லர், ஃபோர்டு, ரெனோ ஆகியவை கூட்டமைப்பு ஒன்றை உருவாக்கி, கன்கார்ட் ஒப்பந்தம் முடிந்ததும் 2008 முதல் தனித்தொடர் நடத்தப்போவதாக அறிவித்தன. 2005 ஜனவரியில் ஃபெராரி மட்டும் தனியாக எக்கிள்ஸ்டனுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. மற்றவர்களின் பேரம் அதோடு வலுவிழந்தது, 2006இல் அவர்களும் வழிக்கு வந்தார்கள்.

இந்த இழுபறி உச்சத்தில் இருந்த 2005ஆம் ஆண்டில்தான் ஜோர்டன் அணிக்காக நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன்னில் நுழைந்தார். அந்தத் தொடரில் ஓட்டிய முதல் இந்தியர் அவர். ஆரணியிலிருந்து காஞ்சிபுரம் வழியாகச் சென்னைக்குப் போகும் சாலையில், ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டியதும் வரும் இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயத் தடம் இருக்கிறது. இந்தத் தலைமுறைத் தமிழ்நாட்டுப் பந்தய வீரர்கள் பலர் கை பழகியது அங்கேதான்.

2005 ஜூன் 19, இண்டியானாபொலிஸ். அமெரிக்க கிராண்ட் பிரீ. வெள்ளிக்கிழமை பயிற்சியில் மிஷலின் டயர் பழுதாகி ரால்ஃப் ஷூமாக்கரின் கார் சுவரில் மோதியது. சாய்தள வளைவில் அந்த டயர்கள் முழு வேகத்தைத் தாங்காது என்று மிஷலின் நிறுவனமே சொல்லிவிட்டது. வளைவுக்கு முன் ஒரு தடுப்பு வளைவு வைத்து வேகத்தைக் குறைக்கலாம் என்று பெரும்பாலான அணிகள் கேட்டன. சரியான டயர் கொண்டுவந்தவர்களுக்கு அது அநீதி என்று எஃப்.ஐ.ஏ. மறுத்தது. அணிகளுக்கும் ஆட்சியாளர்களுக்கும் இடையே நான்கு ஆண்டுகளாகப் புகைந்துகொண்டிருந்த அவநம்பிக்கை, ஒரு மணி நேரத்தில் தீர்க்க வேண்டிய பிரச்சினையைத் தீரவிடவில்லை. அணிவகுப்புச் சுற்று முடிந்ததும் 14 கார்கள் வரிசையாகப் பிட் பாதைக்குள் திரும்பிவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயரில் ஓடிய ஆறு கார்கள் மட்டும் தொடக்கக் கோட்டில் நின்றன. அவற்றில் ஒன்று நரேனுடையது.

கூட்டத்தினர் கூச்சலிட்டார்கள். தடத்தில் பாட்டில்கள் விழுந்தன. டிக்கெட் பணத்தைத் திருப்பித் தருவதாக மிஷலின் பின்னர் அறிவித்தது. அந்த நாளில் ஆறு கார்களில் நான்காவதாக வந்த நரேனுக்கு 5 புள்ளிகள் கிடைத்தன. ஃபார்முலா ஒன்னில் இந்தியர் ஒருவர் எடுத்த முதல் புள்ளிகள் அவை. அவரது ஃபார்முலா ஒன் வாழ்வில் வேறு புள்ளிகள் இல்லை.

அதே ஆண்டு செப்டம்பரில் ஏ1 ஜி.பி. என்ற புதுத் தொடர் தொடங்கியது. துபாய் அரச குடும்பத்தைச் சேர்ந்த ஷேக் மக்தூம் இதன் நிறுவனர். நாடுகளின் பெயரில் அணிகள், எல்லோருக்கும் ஒரே வகைக் கார், ஃபார்முலா ஒன் ஓய்வெடுக்கும் குளிர்காலத்தில் பந்தயங்கள் என்ற ஏற்பாடு. நேரடியாக மோதாமல் ஒதுங்கி நின்ற மாற்றுத் தொடர் இது. இந்திய அணிக்காகக் கருண் சந்தோக்கும் அர்மான் இப்ராஹிமும் ஓட்டினார்கள். பின்னர் சேர்ந்த நரேன் 2007 டிசம்பரில் சீனாவின் ஜுஹாயிலும் 2008 மே மாதம் இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹேட்சிலும் முதன்மைப் பந்தயங்களை வென்றார். கார் எல்லோருக்கும் ஒன்றானால் தமிழ்நாட்டு ஓட்டுநரால் வெல்ல முடியும் என்பதை அந்த இரு வெற்றிகள் நிரூபித்தன. பணம் வற்றியதும் 2009இல் ஏ1 ஜி.பி. நின்றுபோனது.

2009: ஆறு நாள் போர்

2008இல் எல்லா அணிகளும் சேர்ந்து ஃபோட்டா என்ற சங்கத்தை ஃபெராரி தலைவர் லூகா தி மான்டிசெமோலோ தலைமையில் அமைத்தன. அந்த ஆண்டு டிசம்பரில், உலகப் பொருளாதாரச் சரிவின் நடுவே ஹோண்டா வெளியேறியது. செலவைக் கட்டுப்படுத்த மோஸ்லி ஒரு திட்டம் கொண்டுவந்தார். 2010 முதல் ஆண்டுக்கு 4 கோடி பவுண்டுக்குள் செலவு செய்ய ஒப்புக்கொள்ளும் அணிகளுக்குத் தொழில்நுட்ப விதிகளில் கூடுதல் சுதந்திரம் தரப்படும். ஒரே தொடருக்குள் இரண்டு விதிமுறைகளா என்று பெரிய அணிகள் கொதித்தன.

வில்லியம்ஸும் விஜய் மல்லையாவின் ஃபோர்ஸ் இந்தியாவும் நிபந்தனையின்றி 2010 பருவத்துக்கு விண்ணப்பித்தன. ஃபோட்டா இரண்டையும் இடைநீக்கம் செய்தது. ஃபோர்ஸ் இந்தியா என்பது, நரேன் ஓட்டிய அதே ஜோர்டன் அணிதான். சில்வர்ஸ்டோனில் இருந்த அந்தத் தொழிற்கூடம் மிட்லாண்ட், ஸ்பைக்கர் என்று கைமாறி மல்லையாவிடம் வந்திருந்தது. பந்தயத்தைத் தவிர வேறு வருமானம் இல்லாத அணிகளால் ஒரு பருவத்தைக்கூடப் பணயம் வைக்க முடியாது. 1982இல் டிரெல் செய்ததை 2009இல் இவை செய்தன.

ஜூன் 18 இரவு இங்கிலாந்தில் கூடிய மீதி எட்டு அணிகள் தனித்தொடர் நடத்தப்போவதாக அறிவித்தன. ஃபெராரி, மெக்லாரன், பி.எம்.டபிள்யூ., ரெனோ, டொயோட்டா, ரெட் புல், டோரோ ரோசோ, பிரான் என்ற அந்தப் பட்டியலில் சாம்பியன் பட்டம் வெல்லும் வாய்ப்புள்ள எல்லா அணிகளும் இருந்தன. ஜூன் 24 அன்று பாரிஸில் சமரசம் வந்தது. தொடர் ஒன்றே. செலவு உச்சவரம்பு கைவிடப்பட்டது. மோஸ்லி அக்டோபரில் மீண்டும் தலைவர் தேர்தலில் நிற்க மாட்டார்.

அடுத்து நடந்தவை இந்தக் கலகத்தின் உண்மை முகத்தைக் காட்டுகின்றன. சமரசம் நடந்து ஐந்து வாரத்துக்குள், ஜூலை 29 அன்று பி.எம்.டபிள்யூ. வெளியேறுவதாக அறிவித்தது. நவம்பரில் டொயோட்டா போனது. டிசம்பரில் ரெனோ தன் அணியின் பெரும்பங்கை விற்றது. தனித்தொடர் நடத்தப் புறப்பட்ட எட்டுப் பேரில் மூவர் அந்த ஆண்டு முடிவதற்குள் கதவைச் சாத்தினார்கள், அல்லது பின்வாங்கினார்கள். அந்தத் தொடர் உண்மையாகவே தொடங்கியிருந்தால் என்ன கதியாகியிருக்கும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

சமரசத்தின் விலையைக் கொடுத்தவர்கள்

செலவு உச்சவரம்பு வரும் என்று நம்பிப் புது அணிகள் வந்திருந்தன. வரம்பு போன பிறகு, தங்களைவிடப் பல மடங்கு செலவழிக்கும் அணிகளோடு அவை மோத வேண்டியதாயிற்று. அமெரிக்காவின் யு.எஸ். எஃப்1 ஒரு பந்தயம்கூட ஓடாமலே மூடப்பட்டது. ஸ்பெயினின் காம்போஸ் அணி பணமின்றித் தத்தளித்து, கைமாறி, எச்.ஆர்.டி. என்ற பெயரில் 2010 மார்ச்சில் பஹ்ரைனுக்கு வந்து சேர்ந்தது.

அந்த அணியின் ஓட்டுநர்களில் ஒருவர் கருண் சந்தோக். சனிக்கிழமை தகுதிச் சுற்று தொடங்கும்வரை அவர் தம் காரை ஒரு சுற்றுகூட ஓட்டிப் பார்த்ததில்லை. கார் முழுதாகக் கோக்கப்படவே அதுவரை நேரமாகிவிட்டது. மற்ற அணிகள் குளிர்காலம் முழுவதும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் சோதித்த பிறகு வந்திருந்தன. ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தின் தொடக்கத்திலேயே அவர் விலக நேர்ந்தது. அடுத்து ஆஸ்திரேலியாவில் அதே காரை 14ஆவது இடத்தில் கொண்டுவந்து சேர்த்தார். பருவத்தின் பாதியில் அவர் இருக்கை வேறொருவருக்குப் போனது.

2011இல் எச்.ஆர்.டி.யில் நரேன் அமர்ந்தார். ஆஸ்திரேலியாவில் அணியின் இரண்டு கார்களும் தகுதி நேரத்துக்குள் வர முடியாமல் பந்தயத்தில் கலந்துகொள்ளவே இல்லை. அக்டோபர் 30 அன்று கிரேட்டர் நொய்டாவின் புத் தடத்தில் முதல் இந்திய கிராண்ட் பிரீ நடந்தபோது, சொந்த மண்ணில் ஓடிய ஒரே இந்தியராக அவர் 17ஆவதாக வந்தார். 2012 முடிவில் எச்.ஆர்.டி. மூடப்பட்டது. அதனுடன் 2010இல் வந்த மற்ற இரண்டு அணிகளும் 2017 தொடக்கத்துக்குள் மறைந்தன. ஃபோர்ஸ் இந்தியா 2018இல் திவால் நிர்வாகியின் கைக்குப் போய், புதிய உரிமையாளர்களிடம் சேர்ந்தது. தமிழ்நாட்டின் இரு ஓட்டுநர்களுக்கும் அந்தச் சண்டை ஓர் இருக்கையைத் திறந்துவிட்டது உண்மை. அந்த இருக்கைக்குக் கீழே ஓடத் தகுந்த கார் இல்லாமல் செய்ததும் அதே சண்டையின் சமரசம்தான்.

ஃபோட்டாவின் ஒற்றுமையும் நீடிக்கவில்லை. 2011 முடிவில் ஃபெராரியும் ரெட் புல்லும் விலகின. 2014இல் சங்கம் கலைந்தது. 2009இல் துரத்தியடிக்கப்பட்ட செலவு உச்சவரம்பு 12 ஆண்டு கழித்து, 2021இல் 14.5 கோடி டாலராகத் திரும்பி வந்தது. இப்போது பெரிய அணிகளும் ஒப்புக்கொண்டன. அதன் பிறகு அணிகளின் சந்தை மதிப்பு உயர்ந்தது, 2026 பருவத்துக்கு 11ஆவது அணியாக காடிலாக் அனுமதி பெற்றது. அன்றே இதை ஏற்றிருந்தால் பிழைத்திருக்கக்கூடிய அணிகளை நினைக்கும்போது, அந்த 12 ஆண்டுகளின் இழப்பு பெரிதாகவே தெரிகிறது.

தீர்ப்பு

போட்டித் தொடர் வந்தால் ஏகபோகம் உடையும், டிக்கெட் விலை குறையும், புதியவர்களுக்கு வாய்ப்புக் கிடைக்கும் என்பது ஆதரிப்போரின் வாதம். கிரிக்கெட்டில் இதற்குப் பாதி ஆதாரம் உண்டு. 2007இல் எஸ்ஸெல் குழுமம் தொடங்கிய இந்தியன் கிரிக்கெட் லீக்கின் முதல் பட்டத்தைச் சென்னை சூப்பர்ஸ்டார்ஸ் வென்றது. கிரிக்கெட் வாரியம் அதில் ஆடியவர்களுக்குத் தடை விதித்தது, 2008 ஏப்ரலில் ஐ.பி.எல். தொடங்கியது. பிரிந்த தொடர் சீக்கிரமே மடிந்தது. அது உசுப்பிவிட்ட தாய் அமைப்பு செழித்தது. ஆனால் பேட்டும் பந்தும் விலை குறைந்தவை. உயர்தரப் பந்தயக் கார் ஒன்றை உருவாக்க நூற்றுக்கணக்கான பொறியாளர்களின் ஓராண்டு உழைப்பு வேண்டும். உலகில் அதைச் செய்யக்கூடிய அணிகள் பத்துப் பன்னிரண்டுதான். அவற்றை இரண்டாகப் பிரித்தால் இரண்டு பாதித் தொடர்கள்தான் மிஞ்சும்.

நான்கு நிகழ்வுகளும் சொல்வது ஒன்றே. பிரிந்து போகும் வலிமை அணிகளுக்கு இருந்ததால் 1981இல் நியாயமான ஒப்பந்தம் கிடைத்தது. அந்த வலிமை ஆட்சியாளர்களின் எதேச்சாதிகாரத்துக்குக் கடிவாளம், அது இருந்தாக வேண்டும். உண்மையாகவே பிரிந்த அமெரிக்காவில் இரு தரப்பும் தோற்றன. சமரசத்தில் லாபம் பெரிய அணிகளுக்கும் வணிக உரிமை பெற்றவர்களுக்கும் போனது. விலையைச் சிறிய அணிகளும், அவற்றை நம்பி வந்த ஓட்டுநர்களும், டிக்கெட் வாங்கிய ரசிகர்களும் கொடுத்தார்கள். உயர்மட்டக் கார் பந்தயத்துக்குத் தேவை இரண்டாவது தொடர் அல்ல. வருமானத்தில் சிறிய அணிக்கும் நியாயமான பங்கும், பணக்கார அணிக்கும் பொருந்தும் செலவு வரம்பும் உள்ள ஒரே தொடர் போதும்.